வாசகர் கேள்வி பதில்: பழைய ரிவோல்வரும் தோட்டா சிலிண்டரும்

போன இதழ்ல கருமருந்து ரிவோல்வர் பத்தி ஒரு சின்னக் குறிப்பு போட்டிருந்தம், 1860கள்ல அமெரிக்காவில பாவிச்ச துவக்குகளை இப்ப இத்தாலியில அதே மாதிரி செஞ்சு விக்கிறாங்க, அதுக்கு தோட்டா போடுற சிலிண்டரும் தனியா வாங்கலாம் எண்டு. அதுக்கு இவ்வளவு கடிதம் வரும் எண்டு நினைக்கேல்ல. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறன்.

கேள்வி (உவர்மலை): என்ட மருமகன் டெக்ஸஸ்ல இருக்கிறான். அங்க ரேஞ்சில சுடுறதுக்கு இத்தாலியில செஞ்ச பழைய மாடல் ரெமிங்டன் ஒண்டு வாங்கியிருக்கிறானாம். சிலிண்டரை மட்டும் மாத்தினா இந்தக் காலத்துத் தோட்டாவே போட்டுச் சுடலாம் எண்டு சொல்றான். சிலிண்டரை மாத்தினா துவக்கே மாறிடுமா ஐயா?

பதில்: சுடலாம், அவர் சொல்றது சரி. ஆனா துவக்கு மாறாது, சிலிண்டர் மட்டும்தான் மாறும், இதை அவருக்கு நீங்க வடிவா எடுத்துச் சொல்லுங்க அண்ணை, ஏனெண்டா இந்த ஒண்டை மறந்தா விபத்து வரும்.

முதல்ல பழைய முறை எப்பிடி எண்டு பாப்பம். சிலிண்டர்ல ஆறு அறை, ஒவ்வொண்டும் முன்பக்கம் மட்டும்தான் திறந்திருக்கும். முன்னால கருமருந்தைக் கொட்டி, அதுக்கு மேல ஈயக் குண்டை வச்சு, பரலுக்கு, அதாவது துவக்குக் குழாய்க்கு, கீழ இருக்கிற நெம்பால அழுத்தி இறுக்கணும். பின்பக்கம் மூடின சுவர், அதுல ஒவ்வொரு அறைக்கும் ஒரு சின்ன முலை மாதிரி ஒண்டு நிக்கும், நிப்பிள் எண்டுதான் அதுக்குப் பேர். அதுக்கு மேல செம்புக் கெப் ஒண்டைக் கவிழ்க்கணும், தீபாவளிக்குப் பிள்ளையள் விளையாட்டுத் துவக்குல போடுற கெப் இருக்கே, வேலை அதே வேலைதான். ஹமர் வந்து கெப்ல அடிக்கும், நெருப்பு நிப்பிள் ஓட்டைக்குள்ளால போய் மருந்தைப் பிடிக்கும்.

தோட்டா எண்டா மருந்து, குண்டு, கெப் மூண்டும் ஒரே பித்தளைக் கோதுக்குள்ள அடங்கிடும். அதைப் பின்பக்கத்தாலதான் போடணும், அப்ப சிலிண்டர் இந்தப் பக்கத்தில இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் திறந்து இருக்க வேணும். கொன்வேர்ஷன் சிலிண்டர் எண்டுறது இதுதான், ரெண்டு துண்டா வரும். ஒண்டு முழுக்கத் துளைச்ச சிலிண்டர், மற்றது அதுக்குப் பின்னால மூடுற தட்டு. அந்தத் தட்டுக்குள்ள ஃபயரிங் பின் இருக்கும், ஏனெண்டா பழைய ஹமர்ட முகம் கெப்பைத் தட்டுறதுக்குச் செஞ்சது, தோட்டாட அடிப்பக்கத்தைக் குத்துற முனை அதுல இல்லை. சில செட்டுல தட்டுல அறைக்கு ஒண்டா ஆறு பின் இருக்கும், சிலதுல தட்டு ஃபிரேமுக்குள்ள அசையாமல் நிக்கும், அதுல ஒரேயொரு பின், பக்கத்தில தோட்டா போடச் சின்னக் கதவு.

ரெமிங்டன் வாங்கினது நல்லது. அதுல நெம்பைக் கீழ இறக்கி, நடுக்கம்பியை முன்னால இழுத்தா சிலிண்டர் பக்கவாட்டில உருண்டு கையில வந்திடும், தட்டைக் கழட்டித் தோட்டாவைப் போட்டுத் திரும்ப மூடி உள்ள உருட்டலாம். ரெமிங்டன் ஃபிரேமுக்கு மேலயும் ஒரு இரும்புப் பட்டை ஓடுது, சிலிண்டரைச் சுத்தி முழுசா ஒரு சட்டம். கோல்ட் கம்பனிட மாடல்ல மேல ஒண்டும் இல்லை, பரல் முழுக்க ஒரு ஆப்பிலதான் நிக்குது, அந்த ஆப்பை எவ்வளவு அடிச்சு இறக்கிறமோ அதைப் பொறுத்து சிலிண்டருக்கும் பரலுக்கும் இடையில இருக்கிற இடைவெளி மாறும். அதோட கதவு வச்ச செட்டைக் கோல்டில பூட்டுறதெண்டா பின்பக்க ஃபிரேம்ல ஒரு வழி வெட்ட வேணும். அது தெரிஞ்ச கன்ஸ்மித், அதாவது துவக்குத் திருத்துற ஆள், செய்ய வேண்டிய வேலை.

பெட்டியில வந்த சிலிண்டர் எண்டாலும் எல்லாத் துவக்குக்கும் அப்பிடியே பொருந்தும் எண்டில்லை. ஒவ்வொரு அறையும் பரலுக்கு நேரா வந்து பூட்டு விழுதா, சிலிண்டர் முன்னுக்குப் பின்னுக்கு ஆடுதா, இதெல்லாம் பாக்க வேணும், உபேர்ட்டி, பியெட்டா எண்டு இத்தாலியில ரெண்டு கம்பனி இருக்கு, ஒண்டுக்குச் செஞ்சது மற்றதுக்குச் சரிவராது. மருமகனிட்டச் சொல்லுங்க, முதல் தரம் லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித் ஒருத்தரிட்டக் காட்டிட்டுச் சுடட்டும்.

கேள்வி (லிங்கநகர், ஏ.எல். மாணவன்): தோட்டா இவ்வளவு வசதி எண்டா கோல்ட் கம்பனி ஏன் சேர் அந்த நேரமே அப்பிடிச் செய்யேல்ல? தெரியாமலா இருந்தாங்க?

பதில்: தெரியும் தம்பி, கையைக் கட்டிப் போட்டிருந்தது ஒரு பேட்டன்ட்.

1855 ஏப்ரல் 3ஆம் திகதி ரொலின் வைட் எண்ட ஒரு ஆள் அமெரிக்காவில ஒரு பேட்டன்ட் எடுத்தார், முன்னுக்கும் பின்னுக்கும் முழுக்கத் துளைச்ச சிலிண்டருக்கு. அவர் வரைஞ்ச துவக்கு பெருசா வேலைக்கு ஆகாத ஒண்டு, ஆனா அந்த ஒரு வரி, சிலிண்டரைப் பின்பக்கம் வரைக்கும் துளைக்கிற உரிமை, அது தங்கச் சுரங்கம். ஸ்மித் அண்ட் வெஸன் எண்ட துவக்குக் கம்பனி ஆக்கள் அதைக் கண்டு பிடிச்சாங்க, ஒரு ரிவோல்வருக்கு 25 சதம் வைட்டுக்குக் குடுக்கிறம், உரிமை எங்களுக்கு மட்டும் எண்டு எழுதி வாங்கினாங்க, 1857ல சின்ன .22 ரிவோல்வரை இறக்கினாங்க (இந்த இலக்கம் கிட்டத்தட்ட குண்டுட பருமனை இஞ்சில சொல்றது). ஒப்பந்தத்தில ஒரு வரி இருந்திச்சு, யாராவது பேட்டன்ட்டை மீறினா வழக்குப் போடுற செலவு வைட்டோட தலையில. மனுசன் கோடு கச்சேரி எண்டு ஏறி இறங்கினதிலயே உழைச்ச காசில பெரும்பங்கு போச்சு. சுப்ரீம் கோட்டில நாலுக்கு நாலு எண்டு நீதிபதிகள் பிரிஞ்சு நிண்டதால கீழ்க் கோட்டுத் தீர்ப்பு நிண்டு பேட்டன்ட் தப்பிச்சுது.

அப்ப 1861ல இருந்து 1865 வரைக்கும் உள்நாட்டுப் போர் முழுக்க, கோல்ட், ரெமிங்டன் ரெண்டும் லட்சக்கணக்கில செஞ்சது முன்னால மருந்து கொட்டுற ரிவோல்வர்தான். போர் முடிஞ்சதும் அவ்வளவும் சும்மா கிடக்கு. ரெமிங்டன் 1868ல ஸ்மித் அண்ட் வெஸனுக்கே றோயல்டி கட்டி, தங்கட ஆறு அறை ரிவோல்வரை .46 தோட்டா போடுற அஞ்சு அறைக்கு மாத்தி 4,500 அளவில வித்துது. கோல்ட் காசு கட்ட விரும்பேல்ல. தோட்டாவையும் முன்பக்கத்தாலயே போடுற தூவர் முறை எண்ட ஒண்டை 1868ல பேட்டன்ட் எடுத்துப் பாத்தாங்க, தோட்டா பின்னால போகப் போகச் சிறுத்து இருக்கும், பேட்டன்ட்டுக்குள்ள விழாமல் தப்பிற சுத்து வழி அது. சந்தையில எடுபடேல்ல.

1869 ஏப்ரல்ல பேட்டன்ட் காலாவதி. வைட் நீட்டித் தரச் சொல்லி காங்கிரஸிட்டப் போனார், சட்டமும் நிறைவேறிச்சு, ஆனா 1870ல ஜனாதிபதி கிராண்ட் வீட்டோ போட்டார். அதுக்குப் பிறகு கோல்ட் கம்பனியில ரிச்சர்ட்ஸ் எண்ட இன்ஜினியர் 1871ல ஒரு கொன்வேர்ஷனுக்குப் பேட்டன்ட் எடுத்தார், பழைய சிலிண்டர்ட பின்பக்கத்தை நிப்பிளோட வெட்டி எறிஞ்சிட்டு அந்த இடத்தில ஒரு வளையம், கதவு, ஃபயரிங் பின், நெம்பு இருந்த இடத்தில சுட்ட கோதைத் தள்ளுற கம்பி. பிறகு மேஸன் எண்டவர் அதை இன்னும் எளிதாக்கினார். 1873ல முழுசாப் புது மாடலே வந்திட்டு, சிங்கிள் எக்‌ஷன் ஆர்மி, படங்கள்ல கௌபோய் இடுப்பில நீங்க பாக்கிறது பெரும்பாலும் அதுதான்.

அப்ப கொன்வேர்ஷன் எண்டது சில வருசத்து இடைக்காலம். கையில இருக்கிற சாமானை வீசாமல் புதுசாக்கின காலம். எனக்கு இந்தக் கதையில பிடிச்சதே அதுதான், பெரிய கம்பனி ரெண்டு ஒரு துளைக்காக இத்தனை வருசம் முட்டி மோதியிருக்கு. பிரான்ஸ்ல இந்தப் பேட்டன்ட் இல்லை, அங்க லெஃபோஷோ ரிவோல்வரைப் பிரெஞ்சுக் கடற்படை 1858லேயே எடுத்திட்டுது, அதுவும் முழுக்கத் துளைச்ச சிலிண்டர்தான்.

கேள்வி (கிண்ணியா): .44 துவக்குக்கு .45 தோட்டா போடுறாங்க எண்டு எழுதியிருந்தீங்க. பெரிசு எப்பிடிச் சின்னதுக்குள்ள போகும்? அச்சுப் பிழையா?

பதில்: பிழை இல்லை நானா. கருமருந்து ரிவோல்வர்ல .44 எண்டு சொல்றது உண்மையான அளவு இல்லை. அதுக்குப் போடுற ஈயக் குண்டே 0.451 இல்லாட்டி 0.454 இஞ்ச், அறைக்குள்ள அழுத்தேக்க ஓரத்தில மெல்லிசா ஒரு ஈய வளையம் சீவிக்கொண்டு வரும், அப்பிடி வந்தாத்தான் இறுக்கம் சரி. .45 கோல்ட் தோட்டாட குண்டு 0.452. அப்ப பரல் அளவு கிட்டத்தட்ட ஒண்டுதான், அதாலதான் பொருந்துது.

.36 நேவி மாடல்லதான் தலையிடி. அதுட குண்டு 0.375 இஞ்ச், பரலும் அந்த அளவு. அதுக்கு விக்கிற சிலிண்டர் .38 ஸ்பெஷலுக்கு, ஆனா .38 ஸ்பெஷல் குண்டு 0.358தான், கோதுட வெளி விட்டம்தான் 0.379. அந்தக் காலத்துக் கொன்வேர்ஷன் தோட்டாக்கள்ல குண்டும் கோதும் ஒரே பருமன், குண்டுட அடி மட்டும் சிறுத்துக் கோதுக்குள்ள இறங்கும். பிறகு குண்டு முழுசாக் கோதுக்குள்ள போனதும் அது மெலிஞ்சிட்டுது, .38 எண்ட பேர் மட்டும் பழைய பருமன்லயே நிண்டிட்டு. இப்ப அந்த மெலிஞ்ச குண்டைப் பழைய பரல்ல சுட்டா, குண்டைச் சுழல வைக்கப் பரலுக்குள்ள வெட்டின சுரிவரி அதைப் பிடிக்காது, குறி தவறும். அதால பின்னால குழி விட்ட மெத்தென்ற ஈயக் குண்டு பாவிக்கிறாங்க, மருந்து வெடிக்கேக்க அந்தக் குழி விரிஞ்சு பரலை நிறைக்கும்.

கேள்வி (நிலாவெளி): பித்தளை ஃபிரேம் போட்டது விலை குறைவாம், வடிவும் கூட. அதுக்கும் இந்தச் சிலிண்டர் போடலாமா எண்டு கனடாவில இருக்கிற என்ட தம்பி கேக்கச் சொன்னவன்.

பதில்: போடக் கூடாது. சிலிண்டர் செய்யிறவங்களே இரும்பு ஃபிரேமுக்கு மட்டும் எண்டு எழுதித்தான் விக்கிறாங்க. பித்தளை மெத்தனம், ஒவ்வொரு வெடிக்கும் சிலிண்டர் பின்னால இடிக்கும், நாள் போகப் போக அந்த இடத்தில தடம் விழுந்து ஃபிரேமே நீண்டிடும். போர்க் காலத்தில தெற்கு மாநிலங்கள்ல இரும்புக்குத் தட்டுப்பாடு வந்ததால ஜோர்ஜியாவில கிரிஸ்வோல்ட் அண்ட் கனிசன் ஆக்கள் கோல்ட் நேவி மாதிரியே பித்தளை ஃபிரேம்ல செஞ்சாங்க, வேற வழியில்லாமல் செஞ்சது அது, நல்லம் எண்டு இல்லை.

இரும்பு ஃபிரேம் எண்டாலும் எல்லாத் தோட்டாவும் போட ஏலாது. இத்தாலித் துவக்குகள்ல கார்டோனே வால் டிரொம்பியாவில சோதிச்ச முத்திரை இருக்கும், அதுல ‘பிஎன்’ எண்டு ரெண்டு எழுத்து, இத்தாலி மொழியில கருமருந்து எண்டதுக்குச் சுருக்கம். பரல்லயும் கருமருந்துக்கு மட்டும் எண்டு வெட்டியிருப்பாங்க. சிலிண்டர் நல்ல உருக்கில செஞ்சது எண்டுறதால ஃபிரேமும் பரலும் பலமாகிடாது. மெதுவாப் போற ஈயக் குண்டு, கௌபோய் லோட் எண்டு விக்கிறது, இல்லாட்டி கருமருந்தே நிரப்பின தோட்டா, இந்த ரெண்டுதான். செம்பு உறை போட்ட குண்டும் கூடின அழுத்தத் தோட்டாவும் வேண்டவே வேண்டாம் எண்டு தம்பிட்டச் சொல்லுங்க. கனடாவில கைத்துவக்குச் சட்டம் 2022க்குப் பிறகு நல்லா இறுகிட்டு, வாங்கிறதுக்கு முதல் அதையும் பாக்கச் சொல்லுங்க.

கேள்வி (சீனக்குடா): நான் லேத் பட்டறை வச்சிருக்கிறன். படத்தைப் பாத்தா கஷ்டமான வேலை மாதிரித் தெரியேல்ல. இங்க செஞ்சா என்ன?

பதில்: செய்யக் கூடாது தம்பி. உங்கட கைத்திறமையில எனக்கு மரியாதை இருக்கு, எஞ்சின் பாகமெல்லாம் இங்க கடைஞ்சு எடுக்கிற ஆக்கள் எத்தனை பேர் எண்டு தெரியும், ஆனா இது அந்த வகை வேலையில்லை.

முதலாவது சட்டம். இலங்கையில 1916ஆம் ஆண்டுச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இண்டைக்கும் நடைமுறையில இருக்கு. அனுமதி இல்லாமல் துவக்குச் செய்யிறது, திருத்துறது, வச்சிருக்கிறது எல்லாம் குற்றம். கருமருந்து வெடிபொருள் சட்டத்துக்குள்ள வரும். சும்மா செஞ்சு பாத்தன் எண்டு கோட்டில சொல்லேலாது. எங்கட திருகோணமலை மாவட்டத்தில பொடியன்கள் துவக்கு எண்ட சொல்லால பட்டது காணும், எந்தத் தாயும் இன்னொரு தரம் பொலிஸ் வாசல்ல நிக்கக் கூடாது.

ரெண்டாவது உலோகம். .45 கோல்ட் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழிற்தரம் வச்ச உச்ச அழுத்தம் சதுர இஞ்சிக்கு 14,000 பவுண்ட். லொறி டயர்ல இருக்கிறது 100 பக்கம். அந்த அழுத்தம் உங்கட கையில இருந்து ஒரு சாண் தூரத்தில எழும்புது. ரெண்டு அறைக்கு நடுவில நிக்கிற சுவர் மெல்லிசு, .45க்கு ஆறு அறை வைக்க இடம் காணாது எண்டு சில கம்பனி அஞ்சு அறையோட நிப்பாட்டுது, வேற சிலது அறைகளைக் கொஞ்சம் சரிச்சுத் துளைக்குது. எந்த உருக்கு, எப்பிடிச் சூடாக்கிப் பதப்படுத்தினது எண்டு தெரியாமல் ஷாஃப்ட் துண்டில கடைஞ்சா அது கையில வெடிக்கிற குண்டுதான். உங்கட கண்ணும் விரலும் பட்டறைக்கு வேணும்.

கேள்வி (கோட்டை வீதி): பிரெட்ரிக் கோட்டையில வெள்ளைக்காரப் படை இருந்த காலத்தில அவங்களிட்டயும் இப்பிடி மாத்தின துவக்கு இருந்திருக்குமா?

பதில்: நல்ல கேள்வி. கோட்டை 1795ல ஒல்லாந்தரிட்ட இருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது, அப்பவெல்லாம் சக்கிமுக்கிக் கல்லுத் துவக்கு. நீங்க கேக்கிற மாதிரி மாத்தினது எண்டா பிரிட்டிஷ் இராணுவம் பெரிய அளவில செஞ்சிருக்கு, கைத்துவக்குல மட்டுமில்லை.

1853 மாடல் என்ஃபீல்ட் ரைபிள் தெரியும்தானே, இந்தியாவில 1857 சிப்பாய்க் கலகத்துக்குக் கொழுப்புத் தடவின தோட்டாக் கடதாசிதான் காரணம் எண்டு படிச்சிருப்பீங்க, அதே ரைபிள். முன்னால மருந்து கொட்டுற அந்த ரைபிளை 1866ல இருந்து பின்பக்கத்தை வெட்டி, பக்கவாட்டில திறக்கிற ஒரு கட்டையை வச்சு, தோட்டா போடுற ஸ்னைடர் ஆக்கினாங்க. மரப் பிடி, பரல், பூட்டு எல்லாம் பழசு, திறக்கிற இடம் மட்டும் புதுசு. இதைக் கண்டுபிடிச்ச ஜேக்கப் ஸ்னைடர் அமெரிக்கர், அந்த 1866லேயே செத்துப் போனார், பலன் கண்டு அனுபவிக்கேல்ல. எனக்கு அது மனவருத்தம்தான்.

ரிவோல்வர்லயும் அப்பிடித்தான். போமன்ட் அடம்ஸ் எண்டு 1856ல எடுத்த கெப் ரிவோல்வரை 1868ல .450 தோட்டாவுக்கு மாத்தினாங்க. அதாவது அமெரிக்காவில கோல்ட் ரிச்சர்ட்ஸ் முறை வாறதுக்கு முதலே இங்கிலாந்தில வேலை முடிஞ்சுது. அடம்ஸ் ஃபிரேமும் ரெமிங்டன் மாதிரி முழுச் சட்டம், மேல மூடினது, அது இந்த மாத்தத்துக்கு வலு வசதி.

கேள்வி (உப்புவெளி): நாங்க நாலைஞ்சு பேர் சேர்ந்து குறும்படம் எடுக்கிறம், 1865 காலத்து அமெரிக்கக் கதை, கடற்கரை மணலைப் பாலைவனமாக் காட்டப் போறம். துவக்கு எப்பிடி இருக்க வேணும்?

பதில்: மரத்திலயோ ரெசின்லயோ செஞ்ச டம்மி காணும், உண்மையான எந்தப் பாகமும் வேண்டாம். படப்பிடிப்புக்கு முதல் பொலிஸுக்கு எழுத்தில அறிவிச்சிடுங்க, கடற்கரையில கையில துவக்கோட ஒருத்தர் ஓடினா தூரத்தில இருந்து பாக்கிற ஆளுக்கு அது டம்மி எண்டு தெரியாது.

காலம் சரியா வரவேணுமெண்டா இதைக் கவனியுங்க. 1865 எண்டா இடுப்புப் பட்டியில தோட்டா வரிசையாக் குத்தி வைக்கிறது பிழை, மருந்துக் குடுவையும் கெப் டப்பாவும் தொங்க வேணும். பரலுக்குக் கீழ நெம்பு கட்டாயம். சிலிண்டர்ட பின்பக்கத்தைக் கிட்டக் காட்டுறதெண்டா நிப்பிள் தெரிய வேணும். சுட்டவுடன வெள்ளைப் புகை மூஞ்சியை மறைக்கும், கருமருந்து எரிஞ்சதில பாதிக்கு மேல திண்மமாத்தான் மிஞ்சும், அதுதான் அந்தப் புகையும் கரியும். கை விரல் கறுத்திருக்கட்டும். சுட்டு முடிஞ்சதும் உடன நிரப்புற மாதிரிக் காட்டாதீங்க, அதுக்கு நிமிசக் கணக்கில எடுக்கும், உங்கட கதைக்கு அந்த நேரம்தான் நல்ல ஒரு பதட்டமான காட்சி.

கேள்வி (அன்புவழிபுரம்): லண்டன்ல இருக்கிற மகன் கிளப் ஒண்டில சேர்ந்து கருமருந்து ரிவோல்வர் சுடுறான், லைசென்ஸ் எல்லாம் இருக்கு எண்டு சொல்றான். இந்தச் சிலிண்டர் வாங்கினா பிரச்சினை வருமா எண்டு பயமா இருக்கு.

பதில்: வரும் அம்மா, வாங்க வேண்டாம் எண்டு இண்டைக்கே ஃபோன் எடுத்துச் சொல்லுங்க. பிரிட்டன்ல 1997ல கைத்துவக்கைத் தடை செய்யேக்க, மருந்தையும் குண்டையும் தனித்தனியா முன்பக்கத்தால போடுற வகைக்கு மட்டும்தான் விலக்குக் குடுத்தாங்க. மகன்ட லைசென்ஸ் அந்த விலக்குக்குள்ளதான் நிக்குது. தோட்டா சிலிண்டரைப் பூட்டின நிமிசமே அது தடை செஞ்ச கைத்துவக்கு, அங்க அதுக்குச் சிறைத் தண்டனை. அமெரிக்காவிலயும் பழைய மாடல் பிரதிகளுக்குக் குடுக்கிற சலுகை அது தோட்டா போடாத துவக்கு எண்டதாலதான், சிலிண்டர் மாறினா அந்தக் கணக்கும் மாறும், மாநிலத்துக்கு மாநிலம் வேற வேற. உவர்மலை அண்ணையும் இதைப் படிச்சா மருமகனை அந்த ஊர்ச் சட்டத்தைக் கேட்டுப் பாக்கச் சொல்லுங்க. மகன் இப்ப சுடுற மாதிரியே கெப் வச்சுச் சுடட்டும், ஒவ்வொரு நாளும் சுட்டு முடிய சுடுதண்ணியால கழுவி, காயவிட்டு, எண்ணெய் பூசி வைக்கட்டும், கருமருந்துக் கரி ஈரத்தை இழுக்கும், ஒரு இரவு விட்டாலே துரு பிடிக்கும்.